திருத்தணியும் எரிவாயு அபாயமும்

2025-ம் வருஷம் ஜூலை மாதம் 13-ந் தேதி விடியற்காலையில், திருவள்ளூருக்கு அருகே டீஸல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் தடம் புரண்டு தீப்பற்றி எரிந்த சம்பவத்தை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 18 டாங்கி வண்டிகள் எரிந்து போயின. கரும்புகை வெகு தூரம் வரையில் வானத்தை மறைத்தது. தண்டவாளத்தை அடுத்திருந்த குடியிருப்புகளிலிருந்து ஜனங்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய வீடுகளிலிருந்த சமையல் வாயு சிலிண்டர்களும் அப்புறப்படுத்தப்பட்டன. உயிர்ச்சேதம் ஏற்படவில்லை. அன்று பணி புரிந்த தீயணைப்புப் படையினரும் போலீஸாரும் பாராட்டுக்குரியவர்கள் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அன்று நம்மைக் காப்பாற்றியது அதிகாரிகளின் சாமர்த்தியம் மாத்திரமன்று. எரிந்தது டீஸல். டீஸல் எரிந்தால் புகை கண்ணுக்குத் தெரிகிறது. சூடு உடம்பில் படுகிறது. எவரும் சொல்லாமலே ஜனங்கள் ஓடுகிறார்கள். எரிவாயு அப்படிப்பட்டதன்று. அது கசியும்போது சத்தமின்றிப் பரவி, நெருப்பு எங்கே கிடைக்குமென்று காத்திருக்கும். நெருப்பு கிடைத்த பிறகு ஓடுவதற்கு அவகாசமிராது. அதே திருவள்ளூர் ஜில்லாவில், ஆடிக் கிருத்திகையன்று காவடிகள் மலையேறும் வேளையில், திருத்தணி அடிவாரத்தில் இவ்வித வாயு கசியுமானால் என்ன நேரும்? அதற்கு அந்த நகரம் எவ்வளவு தூரம் தயாராயிருக்கிறது? இக்கேள்வியைக் கேட்பது பீதியைக் கிளப்புவதாகாது. கேட்காமலிருப்பதுதான் குற்றம்.

திருத்தணியின் நிலைமையைச் சற்று ஆராய்வோம். சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நாட்டு நெடுஞ்சாலை அந்நகரை ஒட்டிப் போகிறது. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவுக்குச் செல்லும் இருப்புப் பாதையும் அவ்வழியேதான். மலைமேல் முருகன் சன்னதிக்கு 365 படிகள். வண்டிகள் ஏறுவதற்குத் தனிப் பாதை. அடிவாரத்திலோ டீக்கடைகள், சாப்பாட்டு ஹோட்டல்கள், கல்யாண மண்டபங்கள், சத்திரங்கள். இவை யாவற்றிலும் இன்று எரிவது சிலிண்டர் வாயுவே. விழாக் காலங்களில் அன்னதானத்திற்கென்று சாமியானாப் பந்தலின் கீழ்ப் பெரிய அடுப்புகள் மூட்டப்படுகின்றன. அவற்றின் அருகிலேயே சிலிண்டர்கள் வரிசையாக நிற்பதைக் காணாத பக்தர் இரார்.

இவற்றுடன் இப்போது குழாய் வாயுவும் சேர்ந்து வருகிறது. எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்தில் இந்தியன் ஆயில் கம்பெனியின் திரவ வாயு நிலையம் 2019-ம் வருஷம் மார்ச் மாதம் 6-ந் தேதி பிரதம மந்திரியால் திறந்து வைக்கப்பட்டது. வருஷத்திற்கு 50 லட்சம் டன் இயற்கை வாயுவைக் கையாளக்கூடியது அது. அங்கிருந்து திருவள்ளூர் வழியாகப் பெங்களூருக்கும், மற்றொரு பக்கம் செங்கற்பட்டு வழியாகத் தெற்கேயும் பெருங்குழாய்கள் போடப்பட்டன. எண்ணூர் - செங்கற்பட்டு, திருவள்ளூர் - பெங்களூர் ஆகிய இரு பகுதிகளும் 2022 மே 26-ந் தேதி நாட்டுக்கு அர்ப்பணம் செய்யப்பட்டன. சென்னை, திருவள்ளூர் ஜில்லாக்களில் வீடுகளுக்கும் வாகனங்களுக்கும் இயற்கை வாயு விநியோகம் செய்யும் உரிமை டோரன்ட் காஸ் என்ற கம்பெனியிடம் இருக்கிறது. திருத்தணியும் திருவள்ளூர் ஜில்லாவில் அடங்கியதே.

இயற்கை வாயு வரவேண்டாமென்று நாம் சொல்லவில்லை. விறகுப் புகையில் கண்ணைக் கெடுத்துக் கொண்ட தாய்மார்களுக்கு எரிவாயு செய்த உபகாரத்தை மறப்பது நன்றிகேடாகும். தொழில் வளர வேண்டுமென்றால் அதற்கு எரிபொருள் வேண்டும். நமது கேள்வி வேறு. ஒரு பொருளை ஜனங்களின் வாசலுக்குக் கொண்டு வருகிறவர்கள், அதன் குணத்தையும் அவர்களுக்குச் சொல்லித் தந்தார்களா என்பதே அது.

குணம் என்று சொன்னோம். சிலிண்டரில் வரும் சமையல் வாயுவும் குழாயில் வரும் இயற்கை வாயுவும் ஒன்றென்றே பெரும்பாலோர் எண்ணியிருக்கிறார்கள். இரண்டும் எரியும் என்பதைத் தவிர மற்ற விஷயங்களில் அவை நேர் மாறானவை. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடும். சாக்கடையிலும், கிணற்றிலும், படிக்கட்டின் அடியிலும் தேங்கி நிற்கும். இயற்கை வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். அது காற்றைவிட லேசானது. வெட்டவெளியில் மேலே எழுந்து கலைந்து போகும்; மூடிய அறையில் கூரையை ஒட்டிச் சேரும். காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரையில் கலந்திருக்கும்போது அதில் ஒரு பொறி பட்டால் போதும், தீப்பற்றும். மூடிய இடமானால் வெடிக்கும்.

இந்த வித்தியாசம் திருத்தணியைப் போன்ற மலையூருக்கு மிக முக்கியமானது. அடிவாரக் கடையொன்றில் சமையல் வாயு பெருமளவில் கசிந்தால், படியேறிச் சென்றவர்களை மேலேயே நிறுத்தி வைப்பதே க்ஷேமம். அவர்களைப் பதறி இறங்கச் செய்தால், வாயு தேங்கிய இடத்திற்கே அவர்களைக் கொண்டு சேர்த்ததாகும். குழாய் வாயு ஒரு மண்டபத்தினுள் கசிந்தாலோ, உள்ளிருப்பவர்களைத் தாமதமின்றி வெட்டவெளிக்குக் கொண்டுவர வேண்டும். எந்த வாயு என்று தெரியாமல் பிறப்பிக்கும் உத்தரவு, உத்தரவே இல்லாத நிலைமையைவிடக் கேடாக முடியலாம். ஒலிபெருக்கியின் முன் நிற்கும் தொண்டருக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறார்களா?

இயற்கை வாயுவுக்குத் தானாக வாசனை கிடையாது. 1937-ம் வருஷம் மார்ச் மாதம் 18-ந் தேதி அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் அடியில் வாயு கசிந்து சேர்ந்தது. ஒருவர் மூக்கிலும் அது படவில்லை. மாலை வீடு திரும்ப வேண்டிய குழந்தைகளில் ஏறக்குறைய 300 பேர் ஆசிரியர்களோடு மாண்டார்கள். அதற்குப் பிறகே வாயுவில் துர்நாற்றமுள்ள மருந்தைக் கலக்க வேண்டுமென்று அங்கே சட்டம் பிறந்தது. இன்று நம் வீட்டு வாயுவில் வரும் நாற்றம் அக்குழந்தைகள் விட்டுச் சென்றது. ஆனால் தொலைதூரம் செல்லும் பெருங்குழாய்களில் அம்மருந்து பெரும்பாலும் கலக்கப்படுவதில்லை என்பதையும் ஜனங்கள் அறிய வேண்டும். வயல் வழியே போகும் குழாயில் நாற்றம் வந்தால்தான் அபாயம் என்று காத்திருப்பது தவறு. சீறும் ஓசை, பறக்கும் புழுதி, நீரில் எழும் குமிழி, ஒரே இடத்தில் காரணமின்றிக் கருகிய பயிர் - இவையே அங்கே அடையாளங்கள்.

அவ்வடையாளங்களைக் கண்டவர்கள் சொல்லியும் பயனற்றுப் போன கதை நமக்கு வெகு தொலைவில் நடந்ததன்று. ஆந்திர ராஜ்யத்தில் கோதாவரிக் கழிமுகத்திலுள்ள நகரம் என்ற கிராமத்தில், 2014 ஜூன் 27-ந் தேதி விடியற்காலையில், கெயில் கம்பெனியின் வாயுக் குழாய் வெடித்தது. இரவில் கசிந்த வாயு வீடுகளின் மேலும் தென்னந்தோப்புகளின் மேலும் மூடுபனிபோல் படிந்திருந்தது. டீக்கடைக்காரர் ஒருவர் அடுப்பைப் பற்ற வைத்தபோது அது தீப்பற்றியதாக அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. தூங்கிக் கொண்டிருந்தவர்கள் தூக்கத்திலேயே கருகினார்கள். மாண்டவர் தொகை இருபதைத் தாண்டிற்று. உலர்த்தி அனுப்ப வேண்டிய வாயுவை நீரும் கசடும் கலந்தபடியே அனுப்பி வந்ததால் குழாய் உட்புறம் அரிக்கப்பட்டதென்று விசாரணையில் வெளிப்பட்டது. கசிவைப் பற்றி முன்னமே புகார் செய்தோமென்று கிராமத்தார் கதறினார்கள்.

அந்த டீக்கடைக்காரரை நாம் அடிக்கடி நினைக்கிறோம். அவர் செய்த பிழை என்ன? தினந்தோறும் செய்யும் வேலையை அன்றும் செய்தார். இன்று காலையில் அடுப்பை மூட்டாதே என்று அவரிடம் சொல்ல வேண்டியது யாருடைய கடமை? கம்பெனிக்குக் கட்டுப்பாட்டு அறை இருந்தது. ஜில்லாவுக்குக் கலெக்டர் இருந்தார். ராஜ்யத்திற்கு மந்திரிகள் இருந்தார்கள். அவருக்கும் இவர்களுக்கும் இடையே செய்தி செல்ல ஒரு வழி மாத்திரம் இல்லை. திருத்தணி அடிவாரத்திலும் விடியுமுன் அடுப்பு மூட்டும் டீக்கடைக்காரர்கள் பலர் இருக்கிறார்கள்.

சட்டங்கள் இல்லாமலில்லை. 1984 டிஸம்பரில் போபாலில் விஷவாயு ஆயிரக் கணக்கானோரைப் பலி கொண்ட பின்னர், நமது நாட்டில் சட்டங்களுக்குக் குறைவே ஏற்படவில்லை. 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான ரசாயனங்களைப் பற்றிய 1989-ம் வருஷத்து விதிகள், சுற்றுப்புறத்தில் வசிப்பவர்களுக்கு அபாயத்தின் தன்மையையும் அவர்கள் செய்ய வேண்டியதையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுமென்று கூறுகின்றன. 1996-ம் வருஷத்து விதிகள் ராஜ்யத்திற்கும் ஜில்லாவுக்கும் தலத்துக்கும் தனித்தனியே நெருக்கடிக் குழுக்கள் வேண்டுமென்கின்றன. பெட்ரோலிய, இயற்கை வாயு ஒழுங்குமுறை வாரியமும் 2010-ல் அவசர காலத் திட்டங்களுக்கென்று விதிமுறை வகுத்தது. ஒத்திகைகள் நடத்த வேண்டுமென்பதும் அதில் அடங்கும். ஏட்டில் யாவும் இருக்கின்றன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

விசாகப்பட்டணத்தில் 2020 மே 7-ந் தேதி பின்னிரவில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் வாயு வெளியேறி 12 பேர் மாண்டபோது, ஆலையில் அபாயச் சங்கு இருந்தும் அது ஊதப்படவில்லை என்று ஆந்திர ஸர்க்கார் நியமித்த உயர்நிலைக் குழு கண்டது. நமது எண்ணூரில் 2023 டிஸம்பர் 26-ந் தேதி நள்ளிரவை ஒட்டிக் கோரமண்டல் உரக் கம்பெனியின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து மீனவர்கள் மூச்சுத் திணறி விழித்தெழுந்து குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு வீதிக்கு ஓடி வந்தார்கள். எது கசிகிறது, எத்திசையில் ஓட வேண்டும் என்பதைச் சொல்ல ஆளில்லை. இவ்விரண்டும் வேறு வேறு வாயுக்கள்தாம், இயற்கை வாயுவன்று. ஆயினும் விபத்து நேர்ந்த முதல் கால்மணி நேரத்தில் ஜனங்கள் அனாதைகளாக விடப்பட்டார்கள் என்ற விஷயத்தில் இரண்டும் ஒன்றே.

நல்ல உதாரணமும் நம்மிடையே உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 2025 ஜனவரி 3-ந் தேதி விடியற்காலையில் கோயமுத்தூர் அவினாசி ரோட்டு மேம்பாலத்தில் 18 டன் சமையல் வாயு ஏற்றி வந்த டாங்கர் கவிழ்ந்து வாயு கசியலாயிற்று. போலீஸார் உடனே பாதைகளை அடைத்தார்கள். தீயணைப்புப் படையினர் இடைவிடாமல் தண்ணீர் பாய்ச்சினார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடப்பட்டது. பல மணி நேரம் பாடுபட்டு டாங்கரை நிமிர்த்தி எடுத்துச் சென்றார்கள். ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. இதே போன்றதொரு டாங்கர் 2012 ஆகஸ்டில் கேரளத்துக் கண்ணூரை அடுத்த சாலாவில் கவிழ்ந்து வெடித்து 20 உயிர்களைக் குடித்ததை நினைத்தால், கோயமுத்தூர் செய்தது சாமானியமான காரியமன்று. ஆனால் கோயமுத்தூர் பெரிய நகரம். கார்ப்பொரேஷனும், போலீஸ் கமிஷனரும், பல தீயணைப்பு நிலையங்களும் அங்கே உண்டு. விழா நாளில் லட்சக் கணக்கான ஜனங்கள் வந்து சேரும் தாலுகா நகரத்தில் அவ்வளவு கைகள் எங்கிருந்து வரும்?

இங்கேதான் எல்லைப் பிரச்னையும் குறுக்கிடுகிறது. திருத்தணி நமக்கு எளிதில் கிடைத்த ஊரன்று. ஸ்ரீ ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய கிளர்ச்சியும், படாஸ்கர் சிபாரிசும், பார்லிமெண்டு 1959-ல் நிறைவேற்றிய சட்டமும் சேர்ந்து, 1960 ஏப்ரல் 1-ந் தேதி அது தமிழ்நாட்டோடு இணைந்தது. எல்லையை வாங்கியதில் காட்டிய அக்கறையில் நூற்றில் ஒரு பங்கையாவது எல்லையிலுள்ளவர்களைக் காப்பதில் காட்ட வேண்டாமா? சில மைல் சென்றால் ஆந்திரத்து நகரி. கவிழும் டாங்கர் எந்த ராஜ்யத்தில் கவிழ வேண்டுமென்று யோசிப்பதில்லை. காற்று எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை. எல்லையோரத்தில் நின்று ஒருவன் 112-ஐ அழைத்தால் மணி அடிப்பது சென்னையிலா, அமராவதியிலா? நகரித் தீயணைப்பு வண்டி திருத்தணிக்கும், திருத்தணி வண்டி நகரிக்கும், மேலதிகாரியின் அனுமதிக்குக் காத்திராமல் புறப்படலாமா? இரு ஜில்லாக் கலெக்டர்களும் ஒருநாள் உட்கார்ந்து பேசினால் தீரக்கூடிய விஷயம் இது. காவடி எடுத்து வருபவர்களில் தெலுங்கு பேசுவோர் ஏராளம் என்பதால், அடிவாரத்து எச்சரிக்கைகள் யாவும் இரு பாஷைகளிலும் இருக்க வேண்டுமென்பதையும் சொல்லி வைக்கிறோம். இதில் பாஷாபிமானத்துக்கு ஒரு குறையும் வராது.

அதிகாரிகளில் சிலர் ஓர் ஆட்சேபம் சொல்வார்கள். குழாய் எங்கே போகிறது, வால்வு எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் ஜனங்களிடம் சொன்னால் கலவரம் உண்டாகும், எதிர்ப்புக் கிளம்பும் என்பது அது. அனுபவம் வேறு விதமாகச் சொல்கிறது. தஞ்சை ஜில்லா கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30-ந் தேதி எண்ணெய்க் குழாய் கசிந்தது. கலெக்டர் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டுமென்று கிராமத்தார் கூடி நின்றார்கள். முடிவில் தடியடியும் கைதும் நடந்தன. சந்தேகம் ஊறிய இடத்தில் கசிவை அடைக்க வந்த ஆளையும் ஜனங்கள் நம்பமாட்டார்கள். நம்பாத ஜனங்களை அவசர காலத்தில் வழிநடத்த எந்த அதிகாரியாலும் முடியாது. ஆளப்படுகிறவனுக்கு ஒன்றும் சொல்லாமல் ஆளுவது அந்நிய ஆட்சியின் வழக்கம். தன் தெருவின் அடியில் ஓடுவது இன்னதென்று அறியாத பிரஜைக்கு சுயராஜ்யம் வந்து சேர்ந்ததென்று எப்படிச் சொல்வது?

பொதுஜனங்களின் மீதும் குற்றமுண்டு. அதை மறைக்க நாம் விரும்பவில்லை. டாங்கர் கவிழ்ந்ததென்றால் விலகி ஓடுவதற்குப் பதில் கைபேசியை நீட்டிக் கொண்டு அருகே ஓடும் கூட்டம் நம்முடையதுதான். வாயுவினிடையே அக்கைபேசியே பொறியாகலாம் என்பதை அக்கூட்டம் நினைப்பதில்லை. குழாய்க்கென்று 1962-ம் வருஷத்துச் சட்டத்தின்படி உபயோக உரிமை பெறப்பட்ட நிலத்தின் மேல் கட்டடம் எழுப்பலாகாது, ஆழ வேரோடும் மரம் நடலாகாது என்று தெரிந்திருந்தும் துணிகிறவர்கள் இருக்கிறார்கள். தெருவில் தண்ணீர்க் குழாய்க்கும் தந்தி வடத்துக்கும் பள்ளம் தோண்டும் காண்டிராக்டர்கள், கீழே என்ன இருக்கிறதென்று வாயுக் கம்பெனியைக் கேளாமலே பொக்லைன் இயந்திரத்தை இறக்குகிறார்கள். நகரங்களில் வாயுக் குழாய் உடைவதற்கு இதுவே பெரிய காரணம். முனிசிபாலிடியார் தோண்டுவதற்கு அனுமதி தரும் சீட்டிலேயே வாயுக் கம்பெனியின் சம்மதத்தையும் கேட்டு வாங்குவார்களானால், பாதி அபாயம் ஒழியும்.

வீட்டில் நாற்றம் வந்தால் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆனால் அதைத் தப்பாகச் செய்கிறவர்களே அதிகம். விளக்கைப் போடுவது மாத்திரமன்று, எரிகிற விளக்கை அணைப்பதும் கூடாது. ஸ்விச்சின் உள்ளே எழும் பொறி இரண்டுக்கும் ஒன்றே. ரெகுலேட்டரை அல்லது குழாயின் வால்வை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து, தூரத்தில் நின்று டெலிபோன் செய்ய வேண்டும். சமையல் வாயுவுக்கு 1906, தீயணைப்புப் படைக்கு 101. வெளியில் கசிந்தால் காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக விலக வேண்டும், பள்ளத்தில் இறங்கலாகாது. கசியும் வாயு எரிந்து கொண்டிருந்தால், வால்வை மூட வழியின்றி அதை அணைக்க முயல்வது மடமை. அணைந்த நெருப்புக்குப் பிறகும் வாயு வந்து கொண்டேயிருக்கும், அடுத்த பொறியில் வெடிக்கும். இவ்வளவையும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அரைமணி நேரத்தில் கற்று வீட்டிலுள்ளோருக்குச் சொல்லிவிட முடியும்.

நாம் கேட்பது பெரிய திட்டமொன்றுமன்று. ஆடிக் கிருத்திகைக்கு முன் தண்ணீருக்கும், பஸ்ஸுக்கும், பந்தோபஸ்துக்கும் ஏற்பாடு செய்ய அதிகாரிகளும் தேவஸ்தானத்தாரும் கூடிப் பேசுவது வழக்கம். அக்கூட்டத்திற்கு வாயுக் கம்பெனியின் பிரதிநிதியையும், சிலிண்டர் ஏஜண்டுகளையும், நகரித் தீயணைப்பு அதிகாரியையும் அழைக்க வேண்டும். அன்னதானப் பந்தலுக்கு அனுமதி கொடுக்குமுன், சிலிண்டர் அடுப்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறதென்று ஒரு மேஸ்திரியாவது போய்ப் பார்க்க வேண்டும். அடிவாரக் கடைக்காரர்களையும் ஒலிபெருக்கித் தொண்டர்களையும் சேர்த்து, விழாவுக்கு முந்திய வாரத்தில் ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு ஒத்திகை நடத்த வேண்டும். பகல் பதினோரு மணிக்கு அதிகாரிகள் முன்னிலையில் போட்டோவுக்காக நடத்தும் ஒத்திகையை நாம் சொல்லவில்லை. டீக்கடை அடுப்புகள் மூட்டப்படும் நேரத்தில், முதல் கூப்பாடு எழுந்ததிலிருந்து கடைசி அடுப்பு அணையும் வரையில் எத்தனை நிமிஷம் ஆயிற்றென்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து, அதைக் கலெக்டர் ஆபீஸ் பலகையில் ஒட்ட வேண்டும். அந்த எண்ணை அறிய நாமும் ஆவலாயிருக்கிறோம்.